அப்பீல் செய்யாத ஜூடோ அன்ரி

சாப்பாட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது யாரிலாவது இடித்துவிட்டால், இடித்தவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கும் அதுதான் வழக்கம். எங்கள் ஜூடோ அன்ரியிடம் அது மறுபக்கமாக நடந்தது. நான் வண்டில் சக்கரத்தால் அவருடைய குதிக்காலில் இடித்த அன்று, அவர்தான் என் பக்கம் திரும்பினார். கால் இரண்டையும் சேர்த்து வைத்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு நொண்டிக்கொண்டு தன் வேலைக்குப் போனார்.

அன்றைக்கே எனக்கு முதல் எரிச்சல் வந்துவிட்டது. அவரில் நான் எவ்வளவு அன்பு வைத்திருந்தேனோ அவ்வளவுக்கு எரிச்சலும் பட்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு அவரைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. ஜூடோ அன்ரி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதில் உங்கள் அப்பா செய்த ஒரு பிழையான வேலையும் வருகிறது. அதற்குள் அவருடைய பெயரை இழுக்க எனக்கு விருப்பமில்லை. நான் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சுவிசில், ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து நிறுத்தம் தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அதன் சமையலறையில் நான் உதவியாள். அவர் பாத்திரம் கழுவும் பகுதி. கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் எச்சில் தட்டங்களைக் கொட்டி, வழித்து, அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். மற்றப் பக்கத்தில் சுத்தமான தட்டங்கள் சூடாக வெளியே வரும். எச்சில் பக்கத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அதனால் கிழமைக்கு ஒரு முறை ஆள் மாறவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் மாதக் கணக்காக அவர்தான் எச்சில் பக்கத்தில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வேலையும் அவருக்குத்தான் விழும்.

போய் ஷெஃபிடம் கேள் என்று நான் சொன்னேன். கேட்டால் மாற்றுவார், இந்த நாட்டில் கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "தாளிலை பேர் போட்டாச்சுத்தானே" என்றார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் ஒன்றுதான். அவருடைய வாயில் ஒரு நாளைக்கு இருபது முப்பது சொல்லுக்கு மேல் வராது. அவர் சொன்னதை எங்கடை பேச்சிலேயே எழுதுகிறேன். இப்போது நினைக்கும்போது எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

அவர் கசகஸ்தான் நாட்டவர். பெண்கள் ஜூடோவில் ஐம்பத்தேழு கிலோ, இலகு நிறைப் பிரிவு. தன் நாட்டின் சம்பியன். இது எனக்கு அவர் சொல்லித் தெரியவரவில்லை. உங்கள் அம்மா ஒரு நாள் என்னைத் தேடி வேலையிடத்துக்கு வந்தபோது, அவருடைய இடது காது மடிந்து தடித்து, ஒரு முந்திரிப் பருப்புப் போல இருப்பதைக் கண்டுவிட்டா. பாவம், யாரோ அடித்திருக்கிறார்கள், புருஷன்காரனாக இருக்கும், போய்க் கேளுங்கோ என்று எனக்கு நிம்மதி தரவில்லை. நானும் கேட்டேன். அவர் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருடம் பாயில் தேய்த்த காது என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பட்டி, கழுத்தில் பதக்கம். படத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. பதக்கத்தை யாரோ தவறி அவருடைய கழுத்தில் போட்டுவிட்டது போல நின்றார்.

நான் அன்றைக்கே சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் எச்சில் பக்கத்தில் ஒரு நாட்டின் சம்பியன் நிற்கிறார் என்று. ஷெஃப் வந்து கை கொடுத்தார். அவர் குனிந்து வணக்கம் சொன்னார். அடுத்த கிழமையும் எச்சில் பக்கம்தான்.

ஜூடோவுக்கு எப்படிப் போனாய் என்று கேட்டேன். அவருடைய ஊர் ரயில் பாதையோரத்தில் ஒரு சின்னப் பட்டணமாம். பனிக்காலத்தில் வீட்டிலும் குளிர், பள்ளிக்கூடத்திலும் குளிர். ஜூடோ மண்டபத்தில் மட்டும் சூடு போடுவார்களாம். அதனால் போனாராம். பிறகு தேசிய அணி, பிறநாட்டுப் போட்டிகள், கடைசியில் முழங்கால் உடைவு. ஒரு பயிற்சி முகாமுக்கென்று சுவிசுக்கு வந்த இடத்தில் ஒருவரைச் சந்தித்து, கலியாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டார். கலியாணம் நிலைக்கவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியவர ஒரு வருடம் பிடித்தது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிறு உங்களுக்கு மறந்திருக்காது. அம்மா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் செய்திருந்தா. இறைச்சி அவருக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் பாதியில் நிறுத்தி, கையின் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். போட்டியை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும், அன்றைய நிறை என்ன என்று தோலைக் கிள்ளிச் சொல்வார். சின்னவன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர் சொன்ன நிறைதான் காட்டியது.

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும், அப்பாவைத் தூக்கி எறியுங்கோ என்று பிடித்த பிடியில் நான் எழும்ப வேண்டி வந்தது. மெத்தைகளை இழுத்துப் போட்டீர்கள். நான் அப்போது எண்பத்தைந்து கிலோ. அவர் என் சட்டையின் கழுத்தையும் கைமடிப்பையும் பிடித்ததுதான் தெரியும். அடுத்ததாகத் தெரிந்தது கூரை. நோகவே இல்லை. ஒரு குழந்தையைத் தொட்டிலில் வைப்பதுபோல வைத்தார். ஆனால் சத்தம் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஆணி அடிக்கவும் கூடாது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து மணியடித்தா. நான் காரணம் சொல்ல ஜெர்மன் தேடுவதற்குள் இவர் முன்னுக்குப் போய், காலைச் சேர்த்துக் குனிந்தார். அந்த அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் தானும் குனிந்துவிட்டுப் போய்விட்டா. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஐம்பது கிராம் கதையைக் கேட்ட அன்றுதான் அது எனக்குச் சிரிப்பாக இல்லாமல் போனது.

அதை அவர் இடைவேளையில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அவர் சம்பியனாக வந்த அடுத்த வருடம் ஒரு பெரிய போட்டி. முதல் நாள் நிறை பார்ப்பார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் போட்டியில்லை. மூன்று நாளாக ஒழுங்காகத் தண்ணீரும் குடிக்காமல் போய் ஏறினார். கூடக் காட்டியது. பயிற்சியாளர் கத்தரிக்கோல் எடுத்துத் தலைமயிரை ஒட்ட வெட்டினார். திரும்ப ஏறினார். இன்னும் ஐம்பது கிராம் கூட. தராசு பிழை என்று பயிற்சியாளர் கத்தினார். வேறு நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதேபோலக் கூடக் காட்டியதாம். அவர்களுடைய ஆட்கள் விடாமல் நின்று வாதாடி, இரண்டாவது தராசு கொண்டுவரச் செய்தார்கள். அதில் அந்த இரண்டு பிள்ளைகளும் சரியாக வந்தார்கள்.

"அப்ப நீ?"

"நான் உடுப்பைப் போட்டுக்கொண்டு போயிட்டன்."

"ரெண்டாவது தராசு வருமட்டும் நிண்டிருக்கலாமே?"

"முதல் தராசு சொல்லியாச்சு."

ஐம்பது கிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு முட்டை அவ்வளவு இருக்கும். ஒரு முட்டைக்காக இந்த மனுசி தன் வாழ்க்கையின் பெரிய போட்டியைப் பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் அதையே கதைத்தேன். நடந்து முடிந்த போட்டிக்கு நீங்கள் ஏன் இப்ப குதிக்கிறீங்கள் என்று அம்மா கேட்டா.

நான் ஏன் குதித்தேன் என்றால், நான் அப்பீலில் வாழ்ந்தவன். அகதியாக வந்த என்னை இந்த நாடு இரண்டு தரம் வேண்டாம் என்று சொன்னது. இரண்டு தரமும் நாள் முடிவதற்குள் அப்பீல் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டாம் தரம் எழுதினதில்தான் இருக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு அப்படித்தான். எங்களுக்கு இல்லை என்ற சொல் ஒரு முடிவு கிடையாது. முப்பது நாள் தவணையின் முதல் நாள், அவ்வளவுதான். நீங்கள் இந்த நாட்டில் பிறந்து பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கடிதத்தால்தான்.

அப்படிப்பட்ட என்னிடம் அவர் ஒரு நாள் வந்து, வேலையை விட்டுப் போகும்போது வேலை உடுப்பை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார்.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். உடுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். நாலாக மடித்திருந்தது. அவருடைய வதிவிடப் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்களாம். கலியாணத்தில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிரிந்த பிறகும் இருக்கலாம். இவர் சேர்ந்து வாழ்ந்தது மூன்று வருடத்துக்குச் சில கிழமைகள் குறைவு என்று எழுதியிருந்தது. புருஷன்காரன் சொன்ன திகதியை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தத் திகதி சரியா என்று கேட்டேன். இல்லை என்றார். அவன் இளவேனிலில் பிரிந்ததாகச் சொல்லியிருக்கிறான், இவர் கோடை முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். பக்கத்து வீட்டு மனிதருக்குத் தெரியும். மாடிப்படி கழுவும் முறைக்குப் பெயர் எழுதும் தாளிலும் கோடை முழுக்க இவருடைய பெயர் இருக்கிறது. இதைவிட நல்ல அப்பீலை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. முப்பது நாளில் பத்து நாளை உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கழித்திருக்கிறார் என்றதும் எனக்குக் கோபம் வந்தது.

எழுதுவோம் என்றேன். வேண்டாம் என்றார். ஏன் என்றேன். "கை தூக்கியாச்சு" என்றார். ஜூடோவில் நடுவர் கையைத் தூக்கினால் அதோடு முடிந்தது. குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பாயை விட்டு இறங்க வேண்டும். அங்கே நின்று கதைப்பது வெட்கம்.

இது பாய் இல்லை, அலுவலகம் என்று சொன்னேன். இங்கே கதைக்காமல் போவதுதான் வெட்கம் என்று சொன்னேன். அவர் எச்சில் பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் விடவில்லை. சோலோதுர்ன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். சோலோதுர்னில் இருப்பவர், அதனால் அந்தப் பெயர். எங்கள் ஆட்களுக்கு ஜெர்மனில் கடிதம் எழுதிக் கொடுப்பவர். என் கடிதத்தையும் எழுதியவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாளில் நாலு பக்கத்தில் அனுப்பிவிட்டார். வாசித்துப் பார்த்தால், ஜூடோ அன்ரியின் வீட்டுக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்திருக்கிறது. கிணற்றடியில் இவர் ஒளித்திருக்கிறார். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து.

"அண்ணை, கசகஸ்தானிலை சண்டை ஒண்டும் நடக்கேல்லை."

"நடக்கேல்லையோ? வடிவாக் கேட்டனீரோ?"

"ஓம் அண்ணை. இது கலியாணத் திகதிப் பிரச்சினை."

"தம்பி, நான் இருபது வரியமா எழுதிறன். யுத்தம் இல்லாத அப்பீல் உப்பில்லாத குழம்பு. அதிலை ஒரு வரியும் எடுக்காதையும்."

ஆனாலும் நான் அதை ஜூடோ அன்ரிக்குக் காட்டினேன். இடைவேளை முழுக்க இருந்து மெதுவாக வாசித்தார். முடித்துவிட்டு, "ஆர் இந்தப் பொம்பிளை? பாவம்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யாரோ ஒரு பெண்ணின் கடிதம் தவறி வந்துவிட்டது என்று நினைத்தார்.

எனக்கு முகம் சூடானது. பிள்ளைகளே, இதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செல்லும் அந்தக் கிணற்றடியும் என்னுடைய அப்பீலிலும் இருந்தன. எங்கள் வீட்டில் செல் விழுந்தது உண்மை. ஆனால் கடிதத்தில் இருந்த கிணற்றடி எங்கள் கிணற்றடி இல்லை. என் கதை போதாது என்று அண்ணை நினைத்து, வேறு யாருடையதையோ சேர்த்துவிட்டார். நான் பேசாமல் கையெழுத்து வைத்தேன். அதை நான் ஜூடோ அன்ரியிடம் சொல்லவில்லை.

பிறகு நானே இருந்து எழுதினேன். மூன்று பின்னேரம் பிடித்தது. பொய் ஒன்றும் இல்லை. திகதி, பக்கத்து வீட்டு மனிதர், மாடிப்படித் தாள், ஒரு நாளும் பிந்தாமல் வேலைக்கு வருவது. கடைசியில், தன் நாட்டில் ஜூடோ சம்பியனாக இருந்தவர் என்று ஒரு வரி. அதை அவர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்த வரியில் நிறுத்தினார். பேனாவை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினார்.

"இது பொய்யே? படம் காட்டினனியெல்லே?"

படம் சரி என்றார். பிறகு அந்தப் போட்டியைச் சொன்னார். அவரிடமிருந்து நான் கேட்ட ஆக நீளமான பேச்சு அதுதான். தேசியப் போட்டியின் கடைசிச் சுற்று. எதிரில் நின்றவள் இவரைவிட மூத்தவள், அதே மண்டபத்தில் பழகியவள். அவளுக்கு அதுதான் கடைசி வருடம். நேரம் முடிந்து மேலதிக நேரம் போகிறது. அவள் எறியப் பாய்ந்தாள், இவர் மறித்துத் திருப்பினார், இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். யார் யாரை எறிந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. நடுவர் இவருக்குக் கை தூக்கினார்.

"என்ரை முதுகுதான் முதல் பட்டது. ஆருக்கும் தெரியேல்லை. முதுகுக்குத் தெரியும்."

"அவள் ஒண்டும் கேக்கேல்லையே?"

"குனிஞ்சு வணக்கம் சொல்லிப்போட்டுப் போனாள். பிறகு அவள் பாயிலை ஏறேல்லை." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பிழையாக் கை தூக்கினதை நான் அண்டைக்கு வாங்கினன். நல்லது வந்தா வாங்கிறதும் கெட்டது வந்தா சண்டை பிடிக்கிறதும் எனக்கு ஏலாது."

அந்த நடுவரும் இந்த அலுவலகமும் ஒன்றா? அந்தப் பிழையைச் சரிசெய்ய இந்தப் பிழையைச் சுமந்தால் அவளுக்கு ஏதாவது கிடைக்குமா? எல்லாம் கேட்டேன். நல்ல கேள்விகள்தான். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல கேள்விகள்தான். ஒன்றும் அவருக்குள் போகவில்லை. கல்லில் தண்ணீர் ஊற்றினாலும் கல் நனையும்.

முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையில் கேட்டேன், மதியம் கேட்டேன், வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போதும் கேட்டேன். கடிதம் அச்சடித்தபடி என் பையில் இருந்தது, கையெழுத்து மட்டும்தான் இல்லை. கையெழுத்து வைக்க ஒரு நொடி போதும் என்று கெஞ்சினேன். அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் தபாலகத்துக்கு நடந்தேன். அங்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். அந்த மூன்று பேரும் முடிவதற்குள், பதிவுத் தபால் நிரப்பும் மேசையில் கடிதத்தை வைத்து, அவருடைய கையெழுத்தை நான் போட்டேன். ஒவ்வொரு நாளும் வேலைத் தாளில் பார்த்த கையெழுத்துத்தான். ஆனால் அவருடையது மெல்லிய, சின்ன எழுத்து. என்னுடையது பெரிதாக, வாலோடு வந்தது. அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னையே பார்த்தா.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறம். இது வெளியிலை வந்தா நாலு பேற்றை பைலையும் தூக்கி எறிவாங்கள்."

அதை நான் யோசிக்கவேயில்லை. எங்கள் நால்வருக்கும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கள்ளக் கையெழுத்து என்றால் பொலிஸ் பதிவு, பதிவு வந்தால் எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாகத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். அப்பீல் கிடைத்தது, பார்க்கிறோம் என்று அலுவலகம் அனுப்பிய கடிதம். அவர் அதை மேசையில் விரித்து வைத்தார். இது எப்படி என்று கேட்கவில்லை. கோபிக்கவும் இல்லை. நாளைக்குக் காலையில் தன்னோடு அந்த அலுவலகத்துக்கு வரச்சொன்னார். அங்கே என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி அவருடைய பைலை எடுத்துக்கொண்டு வந்தா. இவர் அந்த அப்பீலைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதிகாரி என் கடிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்தா.

"இது உங்கள் கையெழுத்தா?"

அந்த நேரம் நான் கதைத்திருக்க வேண்டும். கேள், சொல், வாய் திறந்தால்தான் கிடைக்கும் என்று ஒரு வருடமாக அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்று நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த அலுவலக நேரங்களை வாசித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம். என்ரை" என்றார் அவர்.

அதிகாரி ஒரு படிவத்தைத் தந்தா. அவர் அதில் கையெழுத்து வைத்தார். மெல்லிய, சின்ன எழுத்து. இரண்டு தாளும் அருகருகே கிடந்தன. சின்னவனைக் கேட்டிருந்தாலும் இரண்டும் ஒருவர் எழுதியது இல்லை என்று சொல்லியிருப்பான். அதிகாரி இந்தத் தாளைப் பார்த்தா, அந்தத் தாளைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. கடைசியில் முத்திரையைக் குத்திப் பைலை மூடிவிட்டா. இவர் காலைச் சேர்த்துக் குனிந்தார்.

வெளியே வந்ததும் எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது.

"என்ரை எண்டு சொல்லத் தெரிஞ்சதுதானே உனக்கு. சொன்னதோடை அதை அப்பிடியே விட்டிருக்கலாமே? அந்த அப்பீலிலை நீ வெண்டிருப்பாய்."

"விட்டா விசாரிப்பினம். கையெழுத்தைப் பாப்பினம்" என்றார். "உனக்கு ரெண்டு பிள்ளையள்."

அது என்ரை பாடு என்று நான் கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மணியைப் பார்த்தார். பதினொரு மணிக்கு அவருக்கு வேலை தொடங்கும். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அந்த மாதக் கடைசிவரை எச்சில் பக்கத்தில் நின்று வேலை செய்தார். வேலை உடுப்பைத் தோய்த்து மடித்து ஒப்படைத்தார். நாட்டை விட்டுப் போனார். அவர் இப்போது எங்கே, என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. கடிதம் போட விலாசமும் இல்லை.

எங்களுக்கு அடுத்த வருடம் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. நீங்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தீர்கள்.

அந்த அலுவலகத்துக்குப் போய்வந்த நாள் பின்னேரம், நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்ததற்கு, நான் உங்கள் இருவரையும் பார்த்துச் சுவர் அதிரக் கத்தினேன். சின்னவன் பயந்துபோய் மேசைக்குக் கீழே போய் இருந்தான். மூத்தவள், சப்பாத்துக்கு ஏன் அப்பா இவ்வளவு என்று கேட்டாள். நான் கத்தினது சப்பாத்துக்காக இல்லை, பிள்ளைகளே.